ஈரச் சரிவில் நாலாம் நாள்

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், உன் அப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும், அதுவும் ஏதாவது வேலை சொன்னால்தான் வருகிறது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நன்றாக இருக்கிறீர்கள் என்று போனில் உன் குரலை வைத்து நானே முடிவு செய்துகொண்டேன், தப்பாக இருந்தால் எழுது. முதலில் பிள்ளைகள் சேதி. உன் தம்பியின் மூத்தவன் கார் ஓட்டும் பரீட்சையில் தேறிவிட்டான், நாலாவது தடவைதான், ஆனால் பக்கத்தில் உட்கார்ந்த அதிகாரி இந்தத் தடவை கடைசி வரை கண்ணைத் திறந்தபடியே வந்தாராம். நடுவுள்ளவள் பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியில் இரண்டாம் பரிசு, பேசினதே இரண்டு பேர்தான் என்று உன் பெரியம்மா தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், அத்தனை பெரிய பள்ளிக்கூடத்தில் மேடை ஏறத் துணிந்ததே இரண்டு பேர்தான் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கடைக்குட்டி நீச்சல் பழகுகிறான், இப்போதைக்கு மூழ்காமல் இருக்கிறான், முன்னால் போவது அடுத்த பாடமாம். பெரியம்மாவின் பேரனுக்குத் தண்ணீர் ஆபீஸில் வேலை கிடைத்திருக்கிறது, தலைக்கவசம் கொடுத்திருக்கிறார்கள், அதை வீட்டுக்குள்ளும் கழற்றுவதில்லை, ஓரவஞ்சனை இல்லாமல் எழுத வேண்டுமே என்று இதையும் எழுதுகிறேன். உன் மகள் கணக்கில் தொண்ணூற்றெட்டு வாங்கினதைத் தெருவில் நூறு என்று சொல்லியிருக்கிறேன், யாராவது உன்னிடம் கேட்டால் மாற்றிச் சொல்லிவிடாதே.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் பெரியம்மா வீட்டுக்கும் நமக்கும் நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர் என்பது உனக்குத் தெரியும். மலையில் ஈரச் சரிவு நம் தெருவின் கையை விட்டுப் போக இருந்தது. சரிவு ஒருவழியாகத் தப்பித்துவிட்டது, ஆனால் அதில் நம் வீட்டுப் பங்கு இந்த மாதக் கடைசி வரைக்கும்தான் நிற்கும், அதற்குமேல் நிற்பதும் போவதும் நீ செய்ய வேண்டிய ஒரு காரியத்தில் இருக்கிறது. பெரிய காரியம் இல்லை, பயப்படாதே. முதலிலிருந்து சொல்லாமல் நேரே கேட்டால் நீ மாட்டேன் என்பாய், அதனால் வரிசையாக எழுதுகிறேன், நடுவில் தாவிப் படிக்காதே.

போன வருஷம் வன அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள், பெரிய தொப்பி போட்டிருந்ததால் தொப்பிக்காரி என்று தெருவில் பெயர் விழுந்துவிட்டது, நல்ல பெண்தான், செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வருவாள். கையில் ஒரு நோட்டு, அதன் மேல் அட்டையில் மக்களும் செடிகொடிகளும் மலையும் சேர்ந்த மரபுச் செல்வப் பதிவேடு என்று அச்சடித்திருந்தது. நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் மூன்று தடவை வாசித்துப் பார்த்தேன், அதில் எனக்குத் தெரியாத சொல் ஒன்றுமில்லை, சேர்த்து வாசித்தால்தான் ஒன்றும் தெரியவில்லை. அவளே விளக்கினாள், இந்த மலையில் எந்தச் செடி எதற்கு ஆகும், யார் எடுக்கிறார்கள், எங்கே முளைக்கிறது என்று எழுதிக்கொண்டு போனால் அந்த இடத்தை ஒருவரும் தொடாமல் அரசாங்கமே பார்த்துக்கொள்ளும் என்றாள். எதற்கு ஆகும் என்பதற்கு எல்லோரும் ஒழுங்காகப் பதில் சொன்னோம், வயிற்றுவேர் வயிற்று வலிக்கு, கொசுப்புல் புகைபோட, காயத்தழை காயத்துக்கு. எங்கே முளைக்கிறது என்று கேட்டாள். மொட்டைப் பக்கம் என்றேன்.

நான் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. என் மாமியார் காலத்தில் எங்கிருந்தோ மூட்டைக்காரர்கள் வந்து ஈரச் சரிவில் வயிற்றுவேரை அடியோடு தோண்டிக்கொண்டு போனார்கள், ஆறு வருஷம் ஒரு இலைகூட முளைக்கவில்லை. அன்றிலிருந்து வெளி ஆள் யார் கேட்டாலும் மலையின் மறுபக்கத்துக்கு, அந்த வறண்ட பாறைக்குக் கையைக் காட்டுவதுதான் இந்தத் தெருவில் வழக்கம். மருமகளுக்கு அந்த வேரைத் தொட்டுக் கை முழங்கை வரை தடித்துப்போனபோது, எங்கே போய் எதைத் தொட்டீங்க என்று டாக்டர் கேட்டதற்கு, ஊசி போட்டுக்கொண்டே மொட்டைப் பக்கம் என்று சொன்னாளாம், அப்படி ஊறிப்போயிருக்கிறது. தொப்பிக்காரி பத்தொன்பது வீட்டில் கேட்டாள், பத்தொன்பது வீடும் மொட்டைப் பக்கம் என்றுதான் சொல்லியிருக்கிறது. பாவம், அந்தப் பெண் அங்கே போய்ப் பார்த்துவிட்டு ஒன்றுமே இல்லையே என்று வந்து நின்றாள், மழைக்கு அப்புறம் வரும் என்றோம். மழைக்கு அப்புறம் போய்விட்டு வந்தாள், வந்து போய்விட்டது என்றோம். பருவச் செடி என்று எழுதிக்கொண்டாள்.

நாலு மாசத்துக்கு முன்னால் சமுதாயக் கூடத்துக்கு எல்லோரையும் கூப்பிட்டு வரைபடத்தைச் சுவரில் போட்டுக் காட்டினார்கள். மொட்டைப் பக்கம் முழுக்கப் பச்சைப் புள்ளி, பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சி. ஈரச் சரிவில் ஒரு புள்ளி இல்லை. தொப்பிக்காரிக்கு மேலே இருக்கிற அதிகாரி வந்திருந்தார், மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். இத்தனை வருஷ அனுபவத்தில் பத்தொன்பது வீடும் ஒரே பதில் சொன்ன இடத்தைப் பார்த்ததே இல்லை என்று மெச்சினார், எங்களுக்கும் பெருமையாகத்தான் இருந்தது, கை தட்டினோம். மொட்டைப் பக்கத்தைச் சுற்றி வேலி போட்டுப் பாதுகாக்கப் போகிறோம், ஒன்றும் விளையாத எதிர்ச் சரிவை இயந்திரம் விட்டு உழுது காகித ஆலைக்கு மரம் நடப் போகிறோம், ஆட்சேபம் இருந்தால் இரண்டு மாசத்துக்குள் சொல்லலாம் என்றார். அதற்கும் கை தட்டிவிட்டோம், தட்டி முடித்த பிறகுதான் காதில் விழுந்தது. வெளியே வந்து செருப்பு மாட்டும்போது ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை.

ஒரு வாரம் யாரும் வாய் திறக்கவில்லை, ஏன் என்று நீ கேட்பாய். ஈரச் சரிவில் செடி இருக்கிறது என்பது தெருவுக்கே தெரியும், ஆனால் வயிற்றுவேர் விரல் தடிமனுக்குக் கொழுத்து வளர்கிற இடம் அங்கே ஒன்றே ஒன்றுதான், அது என் மாமியார் எனக்கு மட்டும் காட்டிய இடம். கல்யாணமான மூன்றாம் மாசம் கூட்டிக்கொண்டு போனார், திரும்பி வந்து வழியை மூன்று தடவை தலைகீழாகச் சொல்லச் சொன்னார். முழுநிலா கழிந்து நாலாம் நாள்தான் போக வேண்டும், ஒரு கைப்பிடிக்கு மேல் எடுக்கக் கூடாது, குழியை மூட வேண்டும், வேறு நாளில் எடுத்தால் வேர் கசந்துவிடும் என்றார். அது எந்த நாளில் எடுத்தாலும் கசப்புதான், நான் எதிர்த்துக் கேட்கவில்லை. நாற்பத்தாறு வருஷம் நாள் தவறாமல் போயிருக்கிறேன், நீ பிறந்த மாசம் தவிர. மற்றவர்கள் எல்லாம் சரிவின் ஓரத்தில் நோஞ்சான் வேர் பிடுங்குகிறார்கள் என்று நினைத்து, உன் பெரியம்மாவுக்குக்கூடப் பாவம் என்று அவ்வப்போது கொஞ்சம் கொடுப்பேன். அவளும் எனக்குக் கொஞ்சம் கொடுப்பாள், அதுவும் நன்றாகக் கொழுத்துத்தான் இருக்கும், எங்கிருந்து என்று நான் யோசித்ததில்லை. ஆட்சேபம் சொல்லப் போனால் இடத்தைக் காட்டச் சொல்வார்கள், இடத்தைக் காட்டினால் அது எனக்கு மட்டும் தெரிந்த இடமாக இருக்காது. சரிவு போகட்டும் என்று யாரும் நினைக்கவில்லை, வேறு யாராவது போய்ச் சொல்லட்டும் என்றுதான் பத்தொன்பது பேரும் காத்திருந்தோம்.

அந்த வாரத்தில் என் நாள் வந்தது, போனேன். சரிவின் மரங்களில் எல்லாம் இடுப்பு உயரத்துக்குச் சிவப்பு நாடா கட்டியிருந்தார்கள், ஊற்றுக்கு மேலே நிற்கிற பாசி பிடித்த மரத்திலும் ஒன்று, அதன் கீழேதான் என் இடம். ஒரு கைப்பிடி எடுத்தேன், குழியை மூடினேன், மூடும்போதுதான் அடுத்த நாலாம் நாள் இங்கே மண்ணைத் தவிர ஒன்றும் இருக்காது என்று உறைத்தது. மறுநாள் காலையிலேயே வன அலுவலகத்துக்குக் கிளம்பினேன். மருமகள் ஓட்டுகிற பஸ்தான் அந்த வழியில் போகும். ஏறிப் பார்த்தால் உள்ளே நம் தெருப் பெண்கள் பதினொரு பேர். தையல்காரி பல் டாக்டரிடம் போகிறாளாம், பால்காரி உறவில் ஒரு குழந்தையைப் பார்க்க, உன் பெரியம்மா சும்மா காற்று வாங்க. நான் கண்ணாடி மாற்றப் போகிறேன் என்றேன். வன அலுவலக நிறுத்தம் வந்ததும் பன்னிரண்டு பேரும் எழுந்தோம். மருமகள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "பல் டாக்டர், குழந்தை, காத்து, கண்ணாடி எல்லாம் இங்கேதான், பார்த்து இறங்குங்க" என்றாள். மீதி ஏழு பேர் அடுத்த பஸ்ஸில் வந்தார்கள்.

தொப்பிக்காரி எங்களைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றி மேசை மேல் வைத்தாள். நாங்கள் சொன்னதை முழுக்கக் கேட்டாள். "மழைக்கு முன்னாடி ஒரு தடவை, மழைக்குப் பின்னாடி ஒரு தடவை, அந்தப் பாறையில நான் குப்புறப் படுத்துத் தேடினேன்மா" என்றாள். அவளுக்குத் தண்ணீர் கொடுத்தோம், அவள் ஆபீஸ் தண்ணீர்தான். அப்புறம் மேலதிகாரியிடம் போய்ப் பேசிவிட்டு வந்து ஒரு நிபந்தனை சொன்னாள். ஒவ்வொருவரும் முன்னால் சொன்னது தப்பு என்று கையெழுத்துப் போட வேண்டும், அது நோட்டீஸ் பலகையில் ஒரு மாசம் தொங்கும். அப்புறம் ஒவ்வொருவரும் தனித்தனியாக அவளைக் கூட்டிக்கொண்டு போய் இடத்தைக் காட்ட வேண்டும், ஒருவர் காட்டியதை இன்னொருவரிடம் அவள் சொல்லமாட்டாள். நம் குடும்பத்தில் பலகையில் பெயர் தொங்கிய முதல் ஆள் நான். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று வந்தவர் போனவர் எல்லாம் சொன்னதாகக் கேள்வி.

நாளைக்கே வரட்டுமா என்று கேட்டாள். நாளைக்கு முடியாது, வேலை இருக்கிறது, என் நாளில்தான் முடியும் என்றேன், என் நாள் எது என்று சொல்லவில்லை, தேதியை மட்டும் சொன்னேன். மற்றவர்களும் ஆளுக்கொரு தேதி சொல்லியிருப்பார்கள் போல, ஒரு மாசத்தில் அந்தப் பெண் பத்தொன்பது தடவை ஏறி இறங்கி இளைத்துப்போனாள். என் முறை கடைசிக்கு முந்தினதாக வந்தது. இடம் புரிந்துவிடக் கூடாது என்று நேர்வழியை விட்டுப் பம்ப் அறையைச் சுற்றி, ஓடையை இரண்டு தடவை தாண்டி, முள் புதர் வழியாகக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு திருப்பத்தில் நான் சொல்வதற்கு முன்பே அவள் கிளையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இங்க குனியணும்மா" என்றாள். படித்த பெண் படித்த பெண்தான் என்று நினைத்துக்கொண்டேன். இடத்துக்கு வந்ததும் கையிலிருந்த கருவியை அமுக்கினாள், அது ஒரு சத்தம் போட்டது, பாசி மரத்தில் சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். களைப்பு என்று நினைத்தேன்.

மறுபடி சமுதாயக் கூடம். இந்தத் தடவை உன் அப்பா, உன் தம்பி, தெரு ஆண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள், பெண்கள் ஏன் பலகையில் தொங்கினார்கள் என்று தெரிந்துகொள்ள. சுவரில் வரைபடம் வந்தது, மொட்டைப் பக்கம் காலி, ஈரச் சரிவில் ஒரே ஒரு புள்ளி. அந்தக் கண்ணாடிக்கார அதிகாரி கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார். "பத்தொன்பது புள்ளின்னு சொன்னீங்க, மத்ததெல்லாம் எங்கே" என்று தொப்பிக்காரியைக் கேட்டார். எல்லாமே அதுக்குள்ளேதான் சார் இருக்கு, ஒன்றின் மேல் ஒன்று என்றாள். நான் அந்தப் புள்ளியைப் பார்த்தேன், ஊற்று இருக்கிறது, பாசி மரம் இருக்கிற வளைவு இருக்கிறது, என் இடமேதான். தலையைத் திருப்பினால் தையல்காரி அதே புள்ளியை என்னைப் போலவே பார்த்துக்கொண்டிருக்கிறாள், பால்காரியும், உன் பெரியம்மாவும்.

கண்ணாடிக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது, அவரைச் சொல்லியும் குற்றமில்லை. "போன தடவையும் பத்தொன்பது பேரும் ஒரே பதில், அது பொய். இந்தத் தடவையும் ஒரே பதில். நாப்பது அம்பது வருஷமா இத்தனை பேர் ஒரே இடத்துல தோண்டுறீங்க, ஒருத்தரை ஒருத்தர் அங்க பார்த்திருக்கீங்களா" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தோம், யாரும் யாரையும் பார்த்ததில்லை, பார்த்ததில்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. "ஒரு தடவைகூடவா?" ஒரு தடவைகூட இல்லை. "அப்போ இதையும் பேசி வெச்சுக்கிட்டுத்தான் வந்திருக்கீங்க, மரம் நடுற வேலை திங்கட்கிழமை ஆரம்பம்" என்று சுவரில் படம் காட்டுகிற இயந்திரத்தின் ஒயரைப் பிடுங்கப் போனார். நான் எழுந்து நின்றுவிட்டேன், ஆனால் என்ன சொல்வது என்று தெரியவில்லை, மறுபடி உட்கார்ந்தால் நன்றாக இருக்காது என்று நின்றுகொண்டே இருந்தேன்.

தொப்பிக்காரிதான் ஒரு நிமிஷம் சார் என்று தன் நோட்டைத் திறந்தாள். இவங்க யாருமே நான் கூப்பிட்ட நாள்ல வரல சார், ஆளுக்கொரு தேதி பிடிவாதமா சொன்னாங்க, எனக்கே எரிச்சலா இருந்துச்சு, இப்பத்தான் வரிசையாப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் படித்தாள். முழுநிலா கழிந்து ஒண்ணாம் நாள் பால்காரி. இரண்டாம் நாள் மருந்தகம் கூட்டுகிறவள். மூன்றாம் நாள் தையல்காரி. நாலாம் நாள் நான். அஞ்சாம் நாள் உன் பெரியம்மா. அப்படியே படித்துக்கொண்டே போனாள், பத்தொன்பதாம் நாள் தபால்காரரின் அம்மாவோடு முடிந்தது, ஒரு நாளில் இரண்டு பேர் இல்லை, நடுவில் ஒரு நாள் விட்டுப்போகவில்லை. அதற்கப்புறம் பத்து நாள் யாரும் இல்லை, செடிக்கு விட்டது என்றாள். கண்ணாடிக்காரர் கையில் ஒயரை வைத்துக்கொண்டே விரல் விட்டு எண்ணினார். "யார் இப்படிப் பிரிச்சுக் கொடுத்தது" என்று கேட்டார். என் மாமியார் எனக்கு மட்டும்தான் சொன்னாங்க, வேற நாள்ல எடுத்தா கசந்துடும்னு என்றாள் தையல்காரி. எனக்கும் அப்படித்தான் என்றாள் பால்காரி. எங்கள் மாமியார்கள் எல்லோரும் எங்கே உட்கார்ந்து இதைப் பங்கு போட்டார்கள் என்று இப்போது கேட்க ஆள் இல்லை. குழாயடியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்கள் அவர்கள், அப்படித்தான் நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

மற்ற நாளில் யாரோ தோண்டின அடையாளம் உன் கண்ணில் படவில்லையா என்று கேட்பாய். பட்டது, காட்டுப்பன்றி என்று நினைத்தேன். தோண்டிவிட்டுக் குழியை மூடி, மேலே காய்ந்த இலையும் பரப்பி வைக்கிற பன்றியை மனசுக்குள் மெச்சியும் இருக்கிறேன், அது தையல்காரி. அந்த நேரம் பார்த்து உன் பெரியம்மா கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "அப்போ இத்தனை வருஷமா எனக்கு முந்தின நாள் வர்ற பன்னி நீதானாடி? இவ்வளவு அரைகுறையாக் குழி மூடுற பன்னி எதுடான்னு நானும் யோசிச்சுக்கிட்டே இருந்தேன்" என்றாள். "அக்கா, நீங்க எனக்குப் பின்னாடி வர்ற பன்னி, அதனாலதான் நான் உங்களைக் கண்டுபிடிக்கல" என்றேன். உன் அப்பா எழுந்து, ஒவ்வொரு மாசமும் தையல்காரி வீட்டுக்குத்தானே போறேன்னு சொல்லிட்டுப் போனே என்றார். ஆமாம் என்றேன். "அதான் நாப்பத்தாறு வருஷமா ஒரு துணியும் தைச்சு வரல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். தையல்காரியின் வீட்டுக்காரர், அவள் தன் நாளில் நம் வீட்டுக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போவாள் என்றார். கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ரொம்ப நேரம் துடைத்தார். வரைபடத்தை மாற்றுங்க, நாடாவை அவிழ்க்கச் சொல்லுங்க என்றார். இந்தத் தடவை யாரும் கை தட்டவில்லை, என்ன சொல்லப்போகிறார் என்று முழுக்கக் கேட்டுவிட்டு அப்புறம் தட்டலாம் என்று இருந்துவிட்டோம். மொட்டைப் பக்கத்து வேலி மட்டும் போட்டது போட்டதுதானாம், எடுக்க விதி இல்லை. அரிய செடிகள், உள்ளே வராதீர்கள் என்று பலகை வைத்திருக்கிறார்கள், வெளியூர்க்காரர்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

மாமியார் எனக்கு மட்டும் சொல்லவில்லை என்பதில் இரண்டு நாள் சாப்பாடு சரியாக இறங்கவில்லை, உன்னிடம் மறைப்பானேன். மூன்றாம் நாள் ஒன்று தோன்றியது, மூத்த மருமகளான உன் பெரியம்மாவுக்கு அஞ்சாம் நாளைக் கொடுத்துவிட்டு எனக்கு நாலாம் நாளைக் கொடுத்திருக்கிறார், ஒரு நாள் முந்தி. அதைக் கவனி. பெரியம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம், அவளாகவே கண்டுபிடிக்கட்டும்.

இப்போது உன் காரியம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். வீட்டின் நாள் எது, எடுக்கிறவர் யார், அவருக்கு அடுத்துப் போகப்போகிறவர் யார் என்று மூன்று கட்டம். மூன்றாம் கட்டம் மாதக் கடைசிக்குள் நிரம்பவில்லை என்றால் அந்த நாள் அதற்கு அடுத்த நாள்காரருக்குப் போய்விடும். எனக்கு அடுத்த நாள் யாருடையது என்று தெரியும். மருமகள் போக முடியாது, தொட்டால் கை தடிக்கிறது, டாக்டர் இன்னொரு தடவை தொட்டால் தன்னிடம் வர வேண்டாம் என்றே சொல்லிவிட்டார், இதை இத்தனை வருஷம் பெரியம்மாவுக்குத் தெரியாமல் வைத்திருந்தேன், படிவம் வந்த அன்றைக்குத் தெரிந்துவிட்டது. சாயங்காலமே வந்து உட்கார்ந்தாள், "உனக்கு எதுக்குச் சிரமம், நாலையும் அஞ்சையும் நானே பார்த்துக்கிறேன், என் மருமக கால் நல்லா திடமா இருக்கு" என்றாள், ரொம்பப் பெருந்தன்மையாகச் சொன்னாள், போகும்போது நம் வீட்டு வாசலில் கிடந்த இலையைக்கூடப் பொறுக்கிப் போட்டுவிட்டுப் போனாள். நான் அந்தக் கட்டத்தில் உன் பெயரை எழுதிவிட்டேன்.

மகளுக்குக் காட்டக் கூடாது, இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவாள் என்பதுதான் மாமியார் எனக்குச் சொன்ன கடைசிப் பேச்சு. உனக்குப் பதினாலு வயசில் ஒரு நாள் எங்கேம்மா போறே என்று என் பின்னாலேயே வந்தாய், மொட்டைப் பக்கம் என்றேன். நீ அடுத்த நாள் தனியாக அங்கே ஏறி, வெயிலில் பொழுது சாயும் வரை தேடிவிட்டு, செருப்பு அறுந்து, உள்ளங்கை முழுக்க முள்ளோடு வந்தாய். நீ பொய் சொன்னே என்றாய். சொல்லவில்லை, உனக்குத் தேடத் தெரியவில்லை என்றேன். முள்ளை என்னை எடுக்கவிடாமல் அப்பாவிடம் போய்க் கையை நீட்டினாய். வன அலுவலகத்தில் முன்பு சொன்னது தப்பு என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன், உன்னிடம் இன்னும் போடவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன், முன்பு சொன்னது தப்பு, உனக்குத் தேடத் தெரிந்திருந்தது.

அவ்வளவு தூரத்திலிருந்து மாசாமாசம் எப்படி வருவேன் என்று பதறாதே. அடுத்துப் போகப்போகிறவர் என்றுதான் போட்டிருக்கிறது, இப்போது போகிறவள் நான் இருக்கிறேன், என் கால் உன் அப்பா கால் மாதிரி இல்லை. வருஷத்தில் ஒரு தடவை வா, காலுக்கு வழி பழகினால் போதும், பேத்தியையும் கூட்டிக்கொண்டு வா, தொண்ணூற்றெட்டு வாங்கினவளுக்கு நிலாக் கணக்கு வராமலா போகும். வழியில் பாதியை எழுதுகிறேன். பம்ப் அறைக்குப் பின்னால் இரும்புக் கதவு, அது திறக்காது, பக்கத்தில் சுவர் இடிந்திருக்கும், அங்கே நுழை. ஓடையை இடது கைப் பக்கம் வைத்துக்கொண்டு தண்ணீர் சத்தம் நிற்கும் வரை ஏறு, சத்தம் நின்றதும் நீயும் நில். தபால்காரர் நல்லவர்தான், ஆனால் அவர் அம்மாவுக்குப் பத்தொன்பதாம் நாள், அதனால் மீதிப் பாதியை எழுதவில்லை, நீ வந்தால் முன்னால் நடந்து காட்டுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல், பேத்திக்கு என் முத்தம். நீ போகிற இடமெல்லாம் நன்றாக இருக்க வேண்டும், உன் கை பட்டது துளிர்க்க வேண்டும். படிவத்தில் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சதுரம் இருக்கிறது, அதில் ஆறு மாசத்துக்குள் எடுத்த படம் ஒட்ட வேண்டுமாம். உன் பள்ளிக்கூடப் படத்தைக் கொடுத்தேன், இதில் இருக்கிறது சின்னப் பிள்ளை என்று தொப்பிக்காரி திருப்பிக் கொடுத்துவிட்டாள். கல்யாணப் படத்தில் உன்னை மட்டும் வெட்டினால் மாப்பிள்ளையின் காது கூடவே வருகிறது. போனில் அனுப்பினால் எடுக்கமாட்டார்கள், ஒட்டுகிற படம்தான் வேண்டும். இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே கடைக்குப் போய் உட்கார்ந்து, தலையை வாரி, இரண்டு காதும் தெரிகிற மாதிரி ஒன்று எடுத்து உறையில் போட்டுத் தபாலில் அனுப்பு.

இப்படிக்கு,
அந்தச் சதுரத்தை யாரும் தொடாமல் பார்த்துக்கொண்டிருக்கும்
உன் அம்மா